கடற்கரை, ஏரிக்கரைப் பணிக் குழுக்களில் மாற்றுத்திறனாளிகள்: எப்படிச் சேர்ப்பது?

கெடிலக்கரை, கடலூர்
செப்டம்பர் 6, இரவு 9.12

வணக்கம். போன வருஷத்திலிருந்து ஒரு விஷயம் மனதில் கிடக்கிறது. இந்த வருஷப் பனை விதை நடவு தொடங்கும் முன்பு இங்கே கேட்டுவிடுகிறேன்.

எங்கள் குழு சின்னது, இருபது இருபத்தைந்து பேர். புரட்டாசி, ஐப்பசியில் ஏரிக்கரைகளில் பனை விதை நடுவோம். தை பிறந்தால் வனத்துறை அனுமதியோடு ஆமை முட்டை பாதுகாக்கும் ராத்திரி நடைக்கு ஆள் கொடுப்போம். போன வருஷம் குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு ஏரிக்கரையில் நடவு. இளம்பிள்ளை வாதத்தால் இரண்டு காலும் சூம்பிப்போன ஒருவர், சைக்கிள் கடை வைத்திருப்பவர், பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் தனியாக வந்துவிட்டார். நாங்கள் நிழலில் நாற்காலி போட்டோம், மோர் கொடுத்தோம், போட்டோ எடுக்கும்போது பேனரின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தோம். காலை 7 மணிக்கு வந்தவர் 11 மணி வரை அந்த நாற்காலியிலேயே இருந்தார். கிளம்பும்போது, "அண்ணே, அடுத்த தடவை எனக்கும் ஒரு கடப்பாரை கொடுங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

தினமும் லாரி டயரை நெம்பிக் கழற்றுகிற கை அது. எங்களில் பாதிப் பேருக்கு அந்தப் பலம் கிடையாது. அன்றைக்கு அது என் கண்ணில் படவே இல்லை. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

இந்த வருஷம் முறையாகச் செய்ய வேண்டும். யாராவது இப்படி ஆள் சேர்த்து வேலை செய்திருக்கிறீர்களா? எங்கே இடறும், எதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும், சொல்லுங்கள்.

பனங்கொட்டை, பண்ருட்டி
செப்டம்பர் 6, இரவு 10.40

நல்ல எண்ணம் அண்ணே. ஆனால் என் பயத்தையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சீமைக் கருவேலம் வெட்டிய இடத்தில் இரண்டு தடவை கண்ணாடி விரியன் பார்த்தோம். ஏரிக்கரை ஒரு பக்கம் சரிவு, ஒரு பக்கம் தண்ணீர். கை கால் நல்லா இருக்கிறவனே வழுக்கி விழுகிறான். ஏதாவது ஆகிவிட்டால் வீட்டுக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது? ஆசைப்பட்டுக் கூப்பிட்டு அவர்களை ஆபத்தில் விடக்கூடாது.

மூன்றுசக்கரம், கடலூர் முதுநகர்
செப்டம்பர் 7, காலை 6.25

தம்பி பனங்கொட்டை, உங்கள் பயம் புரிகிறது. எனக்கும் போலியோதான், வலது காலில் காலிப்பர், அதாவது காலைத் தாங்கும் கம்பிச் சட்டம், போட்டிருக்கிறேன். வயது 46. ஆபத்து என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுத்தான் பள்ளிச் சுற்றுலாவும் போகவில்லை, என்.எஸ்.எஸ். முகாமும் போகவில்லை. விரியன் யாரையும் அடையாள அட்டை பார்த்துக் கடிப்பதில்லை. எல்லாருக்கும் பூட்ஸ் வேண்டும், எல்லாருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரி எது என்று தெரிந்திருக்க வேண்டும். அது இல்லாத குழு யாரையுமே கூட்டிப்போகக் கூடாது.

எங்களை வீட்டோடு நிறுத்துவது பாம்பும் சரிவும் கிடையாது. மூன்று விஷயம்.

பஸ் நிற்கிற இடத்திலிருந்து வேலை நடக்கிற இடம் வரைக்குமான கடைசி அரை கிலோமீட்டர் முதல் விஷயம். உங்களுக்கு அது ஒரு நடை. எனக்கு அன்றைய பலத்தில் பாதி அங்கேயே போய்விடும். ஒரு ஆள் பைக்கில் வந்து ஏற்றிக்கொண்டால் அந்தப் பலம் முழுவதும் வேலைக்குக் கிடைக்கும்.

இரண்டாவது கழிப்பறை. ஆண்கள் புதர் ஓரம் ஒதுங்குவீர்கள். காலிப்பர் போட்டவன் குத்துக்கால் போட்டு உட்கார முடியாது. எங்கள் பெண்கள் வெளி வேலைக்கு வந்தால் முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துப் பள்ளி, ஊராட்சி அலுவலகம், ஒரு வீடு, எங்காவது முன்பே பேசி வையுங்கள். நடுவில் துளை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றும் நான்கு சாரத்துணியும் இருந்தால் கரையிலேயே மறைப்பு கட்டிவிடலாம்.

மூன்றாவது, கேட்பது. "உங்களால் முடியுமா?" என்று கேட்காதீர்கள். முடியாது என்று பழக்கப்பட்டவன் முடியாது என்றுதான் சொல்வான். "இன்றைக்கு இந்த ஏழு வேலை இருக்கிறது, எது எடுத்துக்கொள்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.

இன்னொன்று, கைப்பட அறிந்தது. ஊன்றுகோலின் அடியில் இருக்கும் ரப்பர் புஷ் மணலில் நான்கு விரல் ஆழத்துக்கு இறங்கிவிடும். பழைய ஸ்கூட்டர் டயரை உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, புஷ்ஷுக்கு மேலே செருகிப் பாருங்கள். தேவனாம்பட்டினம் மணலில் நான் அப்படித்தான் நடக்கிறேன்.

கெடிலக்கரை
செப்டம்பர் 7, காலை 8.02

அண்ணே, இதைத்தான் எதிர்பார்த்தேன். அந்த ஏழு வேலையை இப்போதே எழுதிப் பார்த்தேன். நடவு என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். உள்ளே பிரித்தால்: விதையைத் தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழிப்பது, மூட்டை கட்டுவது, கரையில் பத்தடிக்கு ஒரு குறி போடுவது, கடப்பாரையால் குழி, விதையைக் கண் கீழே இருக்கும்படி வைத்து மூடுவது, கணக்கு எழுதுவது, தண்ணீரும் சாப்பாடும். பனையைப் பிடுங்கி நட முடியாது, முளை நேராகக் கீழே இறங்கிவிடும். அதனால் கரையிலேயே விதையாக ஊன்ற வேண்டும். குழி ஒரு சாண் இருந்தால் போதும். அதற்கு நிற்க வேண்டும் என்று யார் சொன்னது?

கிள்ளை வாய்க்கால், பரங்கிப்பேட்டை பக்கம்
செப்டம்பர் 7, மதியம் 1.30

பிச்சாவரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வேலை சேற்று வேலை. வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே சதுப்புக் காட்டைக் கூறு கூறாக வெட்டினார்கள். வெட்டிய இடம் காய்ந்து அமுங்கித் தொட்டி மாதிரி ஆகிவிட்டது. ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், ஏறிய தண்ணீர் வடியாமல் அங்கேயே நின்று வற்றி, மண்ணில் உப்பு ஏறிப்போனது. அதில் எந்தக் கன்றும் நிற்காது. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து மீன் முள் மாதிரி வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். தண்ணீர் ஏறி இறங்க வழி கிடைத்ததும் வெண்கண்டல், சுரபுன்னை என்ற சதுப்பு மரங்கள் பிடித்துக்கொண்டன. வண்டல் சேரச் சேரத் தூர் வாரிக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் குழுவில் காது கேட்காத, பேச முடியாத இரண்டு பேர் தூர் வாருகிறார்கள். அண்ணன் தம்பி. மண்வெட்டி பிடித்தால் அவர்களோடு யாரும் போட்டி போட முடியாது. ஆனால் ஒரு நாள் தவறு நடந்தது, தவறு எங்களுடையது. ஓதம் ஏற ஆரம்பித்ததும் கரையிலிருந்து கத்தினோம். எல்லாரும் ஏறிவிட்டோம். தம்பிக்காரர் மட்டும் கிளை வாய்க்காலில் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார். இடுப்பளவு வந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தது மறக்கவில்லை.

இப்போது கத்துவது கிடையாது. வாய்க்கால் முனையில் மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறோம். துணி ஏறினால் எல்லாரும் ஏற வேண்டும். இரண்டு இரண்டு பேராகத்தான் இறங்குவோம், ஒருவர் மற்றவரைத் தொடும் தூரத்தில். வேடிக்கை என்னவென்றால், காற்று அடிக்கும் நாளில் காது கேட்கிற எங்களுக்கும் கத்தல் கேட்காது. அந்தத் துணி எல்லாருக்குமே உதவுகிறது.

வாய்க்காலுக்குள் சக்கர நாற்காலி வராது, அதை மறைக்க வேண்டாம். நாற்றங்காலில் பை நிரப்புவது, விதை பிரிப்பது எல்லாம் உட்கார்ந்த வேலை. தில்லை மரத்தில் மட்டும் எல்லாரும் கவனம். அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய துன்பம்.

வில்லியனூர் அம்மா, புதுச்சேரி
செப்டம்பர் 7, இரவு 8.50

என் மகனுக்கு 22 வயது. அறிவுசார் குறைபாடு. இரண்டு வருஷமாக ஒரு நாற்றங்காலில் வேலை செய்கிறான். ஆரம்பத்தில் "களை எடு" என்றார்கள். கன்றையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டான். திட்டி அனுப்பிவிட்டார்கள். அடுத்த இடத்தில் ஒரு பெண் மேற்பார்வையாளர், கன்று ஒவ்வொன்றிலும் நீல நூல் கட்டினார். "நூல் இருந்தா தொடாதே, நூல் இல்லேன்னா எடு." அவ்வளவுதான் பாடம். இன்றைக்கு வரைக்கும் ஒரு கன்று தவறவில்லை. தினமும் அதே வரிசையில் தொடங்க வேண்டும். இடத்தை மாற்றினால் அன்றைக்கு வேலை ஓடாது. அதை அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

ஒரு வேண்டுகோள். அவனோடு பேசும்போது என்னைப் பார்த்துப் பேசாதீர்கள். அவனைப் பார்த்துப் பேசுங்கள்.

மூன்றுசக்கரம்
செப்டம்பர் 7, இரவு 9.15

அம்மா, அந்த நீல நூலை நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

கிள்ளைத் தம்பிக்கு ஒரு சொல். பை நிரப்புவது நல்ல வேலைதான். ஆனால் மாற்றுத்திறனாளி என்றாலே பை நிரப்பு, எண்ணு, கையெழுத்து வாங்கு என்று ஓரமாக உட்கார வைப்பது இன்னொரு விதமான நாற்காலி. நான் வெளியே வருவது காற்றுக்கும் மண்ணுக்கும்தான். படகில் ஏற்றிவிட்டால் துடுப்புப் போடுவேன்.

கிள்ளை வாய்க்கால்
செப்டம்பர் 7, இரவு 9.31

சரிதான் அண்ணே. ஏற்றுக்கொள்கிறேன். வாருங்கள், படகு தருகிறேன்.

சைகைவீடு, நெய்வேலி
செப்டம்பர் 8, காலை 11.10

என் அக்கா பிறவியிலேயே காது கேளாதவர். வீட்டில் எல்லாரும் சைகை மொழிதான். கிள்ளை அண்ணனின் சிவப்புத் துணியைப் படித்ததும் அக்காவுக்குக் காட்டினேன். "இது முதல் பாடம். இரண்டாவது பாடம், வேலை தொடங்கும் முன்பு சொல்வதை எங்களுக்கும் சொல்லுங்கள்" என்றார். எல்லாக் குழுவிலும் தலைவர் பத்து நிமிஷம் பேசுவார். அக்கா ஓரத்தில் நின்று மற்றவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்வார். ஏன் செய்கிறோம் என்று யாரும் சொன்னதே கிடையாது.

அமெரிக்காவில் இதற்கென்றே குழுக்கள் இருக்கின்றன. அங்கே 1933 முதல் 1942 வரை வேலையில்லாத இளைஞர்களைக் காடு வளர்க்கவும் பாதை போடவும் அரசே முகாம் போட்டு அனுப்பியது. சுமார் 30 லட்சம் பேர் போனார்கள். அதன் வழியில் இன்றைக்கும் பல இளைஞர் அமைப்புகள் காட்டுப் பாதை சீரமைக்கின்றன. ஓரிகான் மாநிலத்தில் நார்த்வெஸ்ட் யூத் கோர் என்ற அமைப்பு, காது கேளாத இளைஞர்களும் சைகை மொழி தெரிந்தவர்களும் சேர்ந்த குழுக்களைக் காட்டு வேலைக்கு அனுப்புகிறது. குழுவின் மொழியே சைகை என்பதால் அங்கே யாரும் ஓரத்தில் நிற்க வேண்டியதில்லை. நம் ஊரில் முழுக் குழு முடியாவிட்டாலும், குழுவில் நான்கு பேர் இருபது சைகை கற்றுக்கொள்ளலாம். நில், ஆபத்து, தண்ணீர், ஆழம், போதும், வலிக்கிறதா. அக்கா வந்து சொல்லிக்கொடுக்கத் தயார்.

புதுவை இயன்முறை, புதுச்சேரி
செப்டம்பர் 8, மாலை 4.45

நான் இயன்முறை மருத்துவர். ஆர்வத்தில் சிலவற்றை விட்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்வை சரியாக வராது. உடம்புச் சூடு தணியாது. அவர்களுக்கு வெயில் ஏறுமுன் வேலை, நிழல், ஈரத் துண்டு, தெளிப்பான் கட்டாயம். உணர்ச்சி இல்லாத இடத்தில் அழுத்தப் புண் வரும். ஒரே இடத்தில் உட்கார்ந்து மும்முரமாக வேலை செய்தால் நேரம் போவது தெரியாது. அரை மணி நேரத்துக்குள் ஒரு தடவையாவது உடம்பைத் தூக்கி உட்கார யாராவது நினைவுபடுத்துங்கள். சுடுமணலில் நேராக உட்கார வைக்காதீர்கள். தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்குப் பாதத்தில் முள் ஏறினாலும் தெரியாது. வேலை முடிந்ததும் பாதத்தைப் பார்க்க வேண்டும். வலிப்பு வருகிறவர்கள் தண்ணீர் ஓரத்தில் தனியாக இருக்கக் கூடாது. மாத்திரை நேரம் தவறக் கூடாது.

இதை எல்லாம் சொன்னதால் யாரையும் வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு நேரத்தையும் இடத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். கேட்பதைக் கூட்டத்தில் வைத்துக் கேட்காமல் தனியாகக் கேளுங்கள்.

உப்பனாறு, கடலூர்
செப்டம்பர் 8, இரவு 10.05

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பேசுகிறேன். போன வருஷம் ஒரு அமைப்பு நடத்திய நடவில் எல்லாருக்கும் நாள் கூலி கொடுத்தார்கள். எனக்கு, பார்வை குறைவு என்பதால், "போக்குவரத்துச் செலவு" என்று அதில் பாதி. அதே வெயில், அதே நேரம். கேட்டதற்கு, நீங்கள் ஆர்வத்தில் வந்தவர்தானே என்றார்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 21 வகைக் குறைபாடுகள் அதில் இருக்கின்றன. தேவையான மாற்றங்களைச் செய்து கொடுக்க மறுப்பதும் பாகுபாடுதான் என்று அது சொல்கிறது. நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 மணி நேர வேலைக்கு முழுக் கூலி என்று தமிழ்நாட்டில் அரசாணையே போட்டார்கள். தன்னார்வலராக வரும் இடத்தில் எல்லாரும் சும்மா வருவோம். கூலி உள்ள இடத்தில் எங்களுக்கும் கூலி.

கெடிலக்கரை
செப்டம்பர் 8, இரவு 10.20

உங்களுக்கு நடந்தது அநியாயம். எங்கள் குழுவில் கூலி வேலை வந்தால் ஒரே கூலி. இதை எழுத்தில் போட்டு வைக்கிறேன்.

ஊசுட்டேரி, புதுச்சேரி
செப்டம்பர் 9, காலை 7.15

ஊசுட்டேரியில் பறவை பார்க்கிறவன் நான். பறவை "பார்க்கிறவன்" என்று சொல்வதையே மாற்ற வேண்டும் போலிருக்கிறது. எங்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு இரண்டு வருஷமாகப் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் வருகிறார். கரையில் நின்று முதல் பத்து நிமிஷம் யாரும் பேசக் கூடாது, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். செம்போத்து. குக்குறுவான், இரண்டு, ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன. செம்மூக்கு ஆள்காட்டி, நமக்குப் பின்னால். பிறகு தொலைநோக்கியை எடுத்தால் கோரைக்குள் இருப்பவற்றில் பாதிதான் எனக்குத் தெரியும். கேட்டதையும் கணக்கில் சேர்க்கலாம் என்பதால் அவர் பட்டியல் எங்கள் பட்டியலுக்குச் சமமாக நிற்கிறது.

கடற்கரைக்கு ஒரு யோசனை. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமாகிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. நம் கரையில் அவ்வளவு செலவு முடியாது. கயிற்றுப் பாய் இரண்டு வாங்கி, முன்னால் விரித்துக்கொண்டே போகலாம். பாய் இல்லையென்றால் சக்கர நாற்காலியைப் பின்பக்கமாக இழுங்கள். முன் சக்கரம் சின்னது, அதுதான் மணலில் புதைகிறது.

பனங்கொட்டை
செப்டம்பர் 9, காலை 9.00

எல்லாவற்றையும் படித்தேன். என் கேள்வியை வேறு மாதிரி கேட்டிருக்க வேண்டும். எங்கள் குழுவில் முதலுதவிப் பெட்டிகூடக் கிடையாது. முதலில் அதை வாங்குகிறேன். 14-ஆம் தேதி நடவுக்கு நானும் வருகிறேன் அண்ணே.

கெடிலக்கரை
செப்டம்பர் 15, இரவு 8.30

நேற்று நடந்ததை எழுதுகிறேன். மாற்றுத்திறனாளிகள் 5 பேர் வந்தார்கள். சைக்கிள் கடைக்காரருக்குக் கடப்பாரையின் நீளத்தைக் குறைத்து மூன்றடியாக வெட்டிக் கொடுத்தோம். தார்ப்பாயைத் தரையில் போட்டு உட்கார்ந்தார். கடப்பாரையை மார்புக்கு நேராக இரண்டு கையால் தூக்கிக் குத்தினால், நான்காவது குத்தில் குழி. பிறகு கையை ஊன்றி உடம்பை நகர்த்தி அடுத்த குறிக்குப் போவார். பின்னால் உப்பனாறு விதையை எடுத்து விரலால் தடவிக் கண் எங்கே என்று பார்த்து வைத்து மூடுவார். அந்த இருவர் கடந்த தூரத்தில் 63 விதை. அங்கேயே பேசிக்கொண்டு நின்ற எங்கள் கல்லூரிப் பையன்கள் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள்.

தவறியவை: கழிப்பறைக்குப் பேசி வைத்த வீட்டில் இரண்டு படி இருந்தது, முன்பே போய்ப் பார்க்கவில்லை. தார்ப்பாய் ஒன்பது மணிக்கே சுட ஆரம்பித்துவிட்டது, அடுத்த முறை சாக்கு. சைகை கற்றுக்கொண்ட நான்கு பேரில் மூன்று பேர் வரவில்லை. நெய்வேலி அக்கா அன்றைக்கும் கொஞ்ச நேரம் ஓரத்தில்தான் நின்றார்.

சைகைவீடு
ஜனவரி 11, இரவு 7.40

இழையை மறுபடி எழுப்புகிறேன். ஆமை நடைக்கு அக்கா வர ஆசைப்படுகிறார். ஒரு சிக்கல். கரையில் வெளிச்சம் கூடாது, ஆமை திரும்பிப் போய்விடும். வெளிச்சம் இல்லையென்றால் அக்காவால் பேச முடியாது.

கெடிலக்கரை
ஜனவரி 11, இரவு 9.05

இதை நான் யோசித்ததே இல்லை. இருட்டில் எங்களுக்கு வாய் இருக்கிறது. மங்கலான சிவப்பு விளக்கு வனத்துறையினர் வைத்திருக்கிறார்கள். ஆமை இல்லாத இடத்தில் கீழ்நோக்கிப் பிடித்துக்கொள்ளலாம். நடக்கும்போது?

உப்பனாறு
ஜனவரி 11, இரவு 9.22

எனக்கும் அவருக்கும் நடுவில் ஆறடிக் கயிறு. ஒரு இழுப்பு நில், இரண்டு இழுப்பு இங்கே வா, மூன்று இழுப்பு ஆள் வேண்டும். எனக்கு இருட்டு புதிதில்லை. நான் வருகிறேன்.

கெடிலக்கரை
பிப்ரவரி 8, காலை 6.10

இப்போதுதான் கரையிலிருந்து வந்தேன். இன்னும் தூங்கவில்லை. மூன்று வாரமாகச் சும்மா நடந்துவிட்டு, நேற்று ராத்திரி 2 மணிக்குத் தாழங்குடாவுக்கு வடக்கே தடம் கிடைத்தது. முதலில் பார்த்தது நெய்வேலி அக்கா. டிராக்டர் போன மாதிரி மணலில் கோடு, நிலவு வெளிச்சத்தில். கயிற்றை மூன்று தடவை இழுத்திருக்கிறார். ஆமை முட்டையிட்டுத் திரும்பிப் போய்விட்டது. குழி எது என்று தெரியாதபடி மணலைப் பரப்பிவிட்டுப் போயிருந்தது. நாங்கள் குச்சியால் குத்திப் பார்ப்போம், கொஞ்சம் தவறினாலும் முட்டை உடைந்துவிடும். உப்பனாறு குச்சி வேண்டாம் என்றார். முட்டி போட்டு, இரண்டு உள்ளங்கையையும் மணலில் வைத்து நகர்த்திக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நின்றார். "இங்க மண்ணு ஈரம், இளக்கமா இருக்கு" என்றார். அங்கேதான் இருந்தது.

முட்டையைப் புரட்டாமல், மேல் பக்கம் மேலேயே இருக்கும்படி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அக்கா கூடையில் வாங்கினார். 118. வனத்துறை ஊழியர் பொரிப்பகத்தில் ஒன்றரை அடிக் குழி தோண்டித் தயாராக வைத்திருந்தார். 45 முதல் 60 நாளில் பொரியும், பங்குனிக் கடைசிவாக்கில்.

மூன்றுசக்கரம் அண்ணன் கேட்டிருந்தார்: கயிற்றுப் பாய் இரண்டும் போதவில்லை, ஸ்கூட்டர் நிற்கும் இடத்திலிருந்து பொரிப்பகம் வரை நான்கு வேண்டும். குஞ்சு விடும் அன்றைக்குள் வாங்கியாக வேண்டும். கூடப்பாக்கம் பக்கம் யாரிடமாவது பழைய பாய் இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.